பூச்சிக்கு எதிரான மரபணு மாற்றிய பூஞ்சாணமும் மரபணு மௌனமாக்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணத்துக்குள் வேறோர் உயிரின் மரபணுவைப் புகுத்தி அதன் வீரியத்தைக் கூட்டுவது ஒரு வழி. பூச்சியின் சொந்த மரபணு ஒன்றை வாயடைத்து அதைச் சாகவைப்பது இன்னொரு வழி. தனித்தனியாக வளர்ந்த இந்த இரண்டும் இப்போது ஒரே ஆய்வகத்தில் சந்திக்கின்றன. வேளாண் மாணவர்களும், உயிரித் தொழில்நுட்பம் படிப்பவர்களும், "இது எப்போ கடைக்கு வரும்?" என்று கேட்கும் உழவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

பூஞ்சாணம் இயல்பாகவே பூச்சியைக் கொல்கிறதே, அதன் மரபணுவில் ஏன் கை வைக்க வேண்டும்?

வேகம் போதவில்லை என்பதுதான் காரணம். பட்டுப்புழுவை வெள்ளையாக மூடிக் கொல்லும் நோய்க்கு ஒரு பூஞ்சாணமே காரணம் என்று இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி 1835-இல் காட்டினார். அதைத்தான் இன்று பெவேரியா பேசியானா என்கிறோம். கோதுமை வண்டைப் பச்சைப் பூஞ்சாணத்தால் அடக்கலாம் என்று 1879-இல் சொன்னவர் எலி மெட்சினிகாஃப். அது இன்றைய மெட்டாரைசியம். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் இந்த இரண்டாலும் ரசாயன மருந்தை ஓரங்கட்ட முடியவில்லை.

பூஞ்சாணத்தின் வித்து பூச்சியின் மேல்தோலில் ஒட்டி முளைக்கவே 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. பிறகு முளைக்குழாயின் நுனி ஒட்டுறுப்பாகப் பருத்து, நொதிகளைச் சுரந்தும் அழுத்தம் கொடுத்தும் தோலைத் துளைக்கிறது. உள்ளே நிணநீரில் (பூச்சியின் இரத்தம் போன்றது) பெருகிப் பூச்சியைக் கொல்ல மொத்தம் 4 முதல் 10 நாள் ஆகும். அந்த நாட்களில் பெரும்பகுதி புழு இலையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். மரபணு மாற்றத்தின் முதல் குறி இந்த இடைவெளியைச் சுருக்குவது.

எந்த மரபணுவைப் புகுத்துகிறார்கள்?

இத்துறையில் அதிகம் பேசப்படும் வேலை அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் செயின்ட் லெஜர் குழுவினுடையது. 1996-இல் அவர்கள் வெளி மரபணு எதையும் சேர்க்கவில்லை. தோலைக் கரைக்கும் பூஞ்சாணத்தின் சொந்த நொதியான பிஆர்1-ஐ, நிணநீருக்குள்ளும் ஓயாமல் சுரக்கும்படி மாற்றினார்கள். புகையிலைக் கொம்புப்புழு சாகும் நேரம் 25 விழுக்காடும், அது தின்ற இலை 40 விழுக்காடும் குறைந்தன.

2007-இல் வட ஆப்பிரிக்கத் தேள் ஒன்றின் நச்சு மரபணுவை மெட்டாரைசியத்தில் வைத்தார்கள். அதே அளவு சாவைக் காண, கொம்புப்புழுவுக்கு 22 மடங்கு குறைவான வித்தும் ஏடிஸ் கொசுவுக்கு 9 மடங்கு குறைவான வித்தும் போதுமாயின. இந்த நச்சு பூச்சியின் நரம்பில் உள்ள சோடியம் வாயில்களைத்தான் பற்றும்; பாலூட்டிகளின் வாயில்களைப் பற்றாது.

நச்சைவிடச் சாமர்த்தியமானது அதன் முன் வைத்த புரோமோட்டர், அதாவது மரபணுவை இயக்கிவைக்கும் தொடக்கத் துண்டு. எம்சிஎல்1 என்ற அது, பூச்சியின் நிணநீர் பட்டால் மட்டுமே மரபணுவை இயக்கும். மண்ணிலோ இலையிலோ கிடக்கும் வித்து நச்சைச் செய்வதில்லை. பாதுகாப்பு பற்றிய கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு துண்டு பதில் சொல்லிவிடுகிறது.

ஆய்வகத்துக்கு வெளியே எங்காவது சோதித்திருக்கிறார்களா?

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டின் சுமூசோ கிராமத்தில் சோதித்தார்கள். சுமார் 600 சதுர மீட்டர் பரப்பில் வலையடித்த கூடாரம். உள்ளே செடிகள், குடிசைகள், கொசு முட்டையிடத் தண்ணீர். உள்ளூரில் கிடைத்த மெட்டாரைசியம் பிங்ஷேன்ஸ் என்ற இனத்தில் ஆஸ்திரேலிய புனல்வலைச் சிலந்தியின் நச்சு மரபணு ஒன்றை வைத்தார்கள். வித்தை நல்லெண்ணெயில் கலந்து கறுப்புப் பருத்தித் துணியில் பூசித் தொங்கவிட்டார்கள். இரத்தம் குடித்த கொசு போய் ஓய்வெடுக்க இருண்ட இடத்தைத்தான் தேடும் என்பது கணக்கு.

ஒவ்வோர் அறையிலும் 1,000 ஆண், 500 பெண் அனோபிலஸ் கொசுக்களோடு தொடங்கினார்கள். அவை பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்பு பெற்றவை. 45 நாள் கழித்து, பூஞ்சாணம் இல்லாத அறையில் 1,396 கொசுக்கள் இருந்தன. சாதாரணப் பூஞ்சாணம் வைத்த அறையில் 455. மரபணு மாற்றிய பூஞ்சாணம் வைத்த அறையில் 13. 2019-இல் சயின்ஸ் இதழில் இது வெளியானது.

கொசு பயிர்ப் பூச்சியல்ல என்பது சரிதான். ஆனாலும் திறந்த வெளிக்கு இவ்வளவு நெருக்கமான சூழலில், தலைமுறை தாண்டிப் பார்த்த சோதனை என்பதால் பயிர்ப் பாதுகாப்புக்காரர்களும் இதையே எடுத்துக்காட்டுகிறார்கள். வலைக்கூடாரம் வலைக்கூடாரம்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மரபணு மௌனமாக்கல் என்பது என்ன?

செல்லில் மரபணுவின் கட்டளையைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்.என்.ஏ. அது ஒற்றை இழை. அதே வரிசையில் இரட்டை இழை ஆர்.என்.ஏ ஒன்று செல்லுக்குள் வந்தால், செல் அதை வைரஸ் என்று எடுத்துக்கொள்ளும். டைசர் என்ற நொதி அதை 21 கார இணை (இரட்டை இழையின் எழுத்து இணை) அளவுள்ள துண்டுகளாக நறுக்கும். ஆர்கோநாட் என்ற புரதம் ஒரு துண்டின் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ-வைத் தேடி வெட்டும். மரபணு அப்படியே இருக்கும். அதன் புரதம் மட்டும் வராது. ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 1998-இல் ஒரு சிறு உருளைப்புழுவில் இதைக் காட்டி 2006-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த முறையில் விற்பனைக்கு வந்த பொருள் உண்டா?

இரண்டைச் சொல்லலாம். வேர்ப்புழுவின் (மக்காச்சோள வேரைத் தின்னும் ஒரு வண்டின் புழு) எஸ்என்எஃப்7 மரபணுவை மௌனமாக்கும் 240 கார இணை கொண்ட ஆர்.என்.ஏ-வைத் தானே செய்துகொள்ளும் மக்காச்சோளத்துக்கு 2017-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒப்புதல் தந்தது. 2023 டிசம்பரில் லெட்ப்ரோனா என்ற தெளிப்பு மருந்துக்கு அதே முகமை பதிவு தந்தது. கொலராடோ உருளைக்கிழங்கு வண்டின் புரோட்டியசோம் துணையலகு ஒன்றின் மரபணுதான் அதன் இலக்கு. வண்டின் செல்லில் பழுதான புரதங்கள் அழிக்கப்படாமல் குவிந்து அது செத்துப்போகும்.

இரண்டு இலக்குகளும் வண்டினம் என்பதைக் கவனியுங்கள். அதற்குக் காரணம் உண்டு.

நம் ஊர்ப் படைப்புழு, பச்சைக் காய்ப்புழு மேல் இரட்டை இழை ஆர்.என்.ஏ-வைத் தெளித்தால் ஏன் வேலை செய்வதில்லை?

வண்டினத்தின் குடல் இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை நன்றாக உறிஞ்சும். ஓரிடத்தில் தொடங்கிய மௌனம் உடல் முழுக்கப் பரவும். படைப்புழு, காய்ப்புழு போன்ற அந்துப்பூச்சிப் புழுக்களில் மூன்று இடத்தில் தடை. குடல்நீர் கடும் காரத்தன்மை உள்ளது, அதில் ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதிகளும் நிறைய. தப்பி உள்ளே போனதும் செல்லின் பைகளுக்குள் சிக்கிக்கொண்டு டைசரிடம் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் பக்கத்துச் செல்லுக்குப் பரவுவது குறைவு.

அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி போன்ற சாறுறிஞ்சிகளின் சிக்கல் வேறு. இலைமேல் தெளித்தது இலைமேலேயே கிடக்கும். அவை குடிப்பதோ உள்ளே ஓடும் சாற்றை. ஆர்.என்.ஏ-வைக் களிமண் நுண்துகளில் ஏற்றி இலைமேல் நாள்பட நிற்கவைக்கும் வேலையை குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் செய்கிறார்கள். 2017-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், தெளித்து 30 நாள் கழித்தும் இலையில் ஆர்.என்.ஏ இருந்தது. ஆனால் அந்த ஆய்வு செடி வைரஸைப் பற்றியது.

எந்த மரபணுவை மௌனமாக்கினால் பூச்சி சாகும் என்ற பட்டியல் ஏற்கெனவே நீளம். இத்துறையில் பஞ்சம் இலக்குக்கு அல்ல. கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளுக்குத்தான்.

அந்த ஆள்தான் பூஞ்சாணமா?

ஆம். பூஞ்சாணம் தோல் வழியாக நுழைகிறது. பூச்சி தின்ன வேண்டியதில்லை, குடலைக் கடக்க வேண்டியதில்லை. நிணநீருக்குள் பெருகும்போதே ஆர்.என்.ஏ-வையும் செய்து விடுகிறது. வெள்ளை ஈயின் டிஎல்ஆர்7 என்ற நோயெதிர்ப்பு மரபணுவுக்கு எதிரான இரட்டை இழையைச் செய்யும் ஐசேரியா ஃப்யூமோசோரோசியா என்ற பூஞ்சாணம் பற்றிய ஆய்வு 2015-இல் வெளியானது. பூச்சியின் எதிர்ப்பை முதலில் படுக்கவைத்தால் பூஞ்சாணமே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் யோசனை. வெட்டுக்கிளிக்கு எதிராக மெட்டாரைசியம் அக்ரிடத்திலும் இதே வழியை முயன்றிருக்கிறார்கள்.

இயற்கை இதை முன்பே செய்துகொண்டிருந்தது என்பது சுவையான சேதி. பெவேரியா தன் சிறு ஆர்.என்.ஏ ஒன்றைக் கொசுவின் செல்லுக்குள் அனுப்பி அதன் நோயெதிர்ப்பு மரபணுவை அடக்குகிறது என்று 2019-இல் கண்டார்கள்.

ஒரு நெருடலும் உண்டு. பூஞ்சாணத்துக்கே சொந்த டைசர் இருப்பதால், நாம் எழுதிய நீண்ட இழையை அதுவே நறுக்கிவிடக்கூடும். பூச்சியின் செல் நீண்ட இழையைத்தான் நன்றாக உறிஞ்சும். வேர்ப்புழுவில் ஏறக்குறைய 60 கார இணைக்குக் குறைந்தால் பலன் விழுந்துவிடுகிறது. ஆகவே பூஞ்சாணத்தில் ஆர்.என்.ஏ உருவானதைக் காட்டினால் மட்டும் போதாது. எந்த நீளத்தில் இருக்கிறது, பூச்சியின் திசுவில் இலக்கு குறைந்ததா என்று இரண்டையும் காட்ட வேண்டும்.

இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை எப்படி வடிவமைப்பது?

இலக்கு மரபணுவில் 300 முதல் 500 கார இணை நீளமுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதை 21 எழுத்துத் துண்டுகளாக நகர்த்தி நகர்த்தி, தேனீ, பட்டுப்புழு, பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி, மனிதர் ஆகியோரின் மரபணு வரிசைகளோடு ஒப்பிடுங்கள். 21 எழுத்தும் அப்படியே பொருந்தும் துண்டு இருந்தால் பகுதியை மாற்றுங்கள். பல இனங்களில் மாறாமல் இருக்கும் புரதப் பகுதியைத் தவிர்த்து, ஓரத்தில் உள்ள பகுதிகளில் தேடினால் நல்ல இடம் கிடைக்கும்.

பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) இரண்டின் முனையிலும் டி7 புரோமோட்டர் வரிசையைச் சேர்த்துப் பெருக்கி, ஆய்வகக் கிட்டில் ஆர்.என்.ஏ-வாக மாற்றலாம். நிறைய வேண்டுமென்றால் எல்4440 பிளாஸ்மிட்டை (வளைய டி.என்.ஏ) எச்டி115 என்ற ஈ.கோலை வகையில் ஏற்றி வளர்ப்பார்கள். இந்த பாக்டீரியாவில் இரட்டை இழையை வெட்டும் ஆர்.என்.ஏஸ்-3 நொதி இல்லை. அதனால் செய்த பொருள் தங்கும்.

கட்டுப்பாட்டுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்துக்கு, வெறும் தண்ணீர் போதாது. பூச்சியில் இல்லாத பச்சை ஒளிர்புரத மரபணுவுக்கான இரட்டை இழையை அதே அளவில் கொடுத்த கூட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஏதாவது ஓர் இரட்டை இழை உள்ளே போனாலே பூச்சியின் வைரஸ் எதிர்ப்பு கிளம்பிவிடும்.

பூஞ்சாணத்தில் மரபணுவை ஏற்றும் படிகள் என்ன?

பெரும்பாலும் அக்ரோபாக்டீரியம் (தன் டி.என்.ஏ-வை வேறு செல்லுக்குள் புகுத்தும் மண் பாக்டீரியா) வழியேதான். சுருக்கமான ஓட்டம் இது:

1. மௌனமாக்கும் துண்டை நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் வைத்து, நடுவில் ஓர் இன்ட்ரான் (படியெடுத்த பின் வெட்டி நீக்கப்படும் துண்டு) இடைவெளி விடுங்கள். படியெடுக்கப்படும்போது அது கொண்டை ஊசிபோல் மடிந்து இரட்டை இழையாகும். முன்னால் புரோமோட்டர், பின்னால் நிறுத்தி.
2. தேர்வுக் குறியாகக் களைக்கொல்லி குளுஃபோசினேட்டைத் தாங்கும் பார் மரபணு. பெவேரியாவுக்கும் மெட்டாரைசியத்துக்கும் பல நுண்ணுயிர்க்கொல்லிகளை இயல்பாகவே தாங்கும் பழக்கம் உண்டு. உங்கள் வகை எந்த அளவில் சாகிறது என்று முதலில் தட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. அக்ரோபாக்டீரியத்தை 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் உள்ள ஊடகத்தில் தூண்டி, மி.லி.க்கு 10 லட்சம் புது வித்துள்ள கரைசலோடு சம அளவு கலந்து சவ்வுத்தாளில் பரப்புங்கள். 25 முதல் 28 டிகிரியில் இரண்டு நாள்.
4. சவ்வைத் தேர்வு ஊடகத்துக்கு மாற்றுங்கள். பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்சிம் சேர்க்க மறந்தால் தட்டு முழுக்க வழவழப்புதான் மிஞ்சும்.
5. வரும் கூட்டங்களை ஒற்றை வித்திலிருந்து இரண்டு மூன்று முறை பிரித்தெடுங்கள்.

ஐந்தாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே பூஞ்சாண இழைக்குள் மாறிய உட்கருவும் மாறாத உட்கருவும் கலந்திருக்கும். மருந்துள்ள தட்டில் நன்றாக வளரும். மருந்தில்லாமல் வளர்த்தால் மாறாதது மேலேறிவிடும். களைக்கொல்லி இல்லாத ஊடகத்தில் ஐந்து முறை மாற்றி வளர்த்த பின்னும் மரபணு இருந்தால்தான் நிலைத்தது எனலாம். புகுத்திய துண்டு எங்கு போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே ஒரே ஒரு கூட்டத்தை நம்பாமல் குறைந்தது மூன்றையாவது தனித்தனியே சோதியுங்கள்.

பூச்சியில் சோதிக்கும்போது எங்கே தவறுகிறது?

வித்தை 0.05 விழுக்காடு டுவீன் 80 கரைசலில் கலக்கி, எண்ணும் கண்ணாடித் தகட்டில் எண்ணி, மி.லி.க்கு 10⁴ முதல் 10⁸ வரை ஐந்து அளவு தயாரிப்பது வழக்கம். வித்து முளைக்கிறதா என்று அன்றே ஒரு தட்டில் பாருங்கள். 24 மணி நேரத்தில் 90 விழுக்காடாவது முளைக்காவிட்டால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். மாறிய வகையும் மாறாத வகையும் ஒரே வயதுள்ள தட்டிலிருந்து வர வேண்டும். பழைய வித்துக்கும் புது வித்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டையே மரபணுவின் பலன் என்று எழுதிவிடும் ஆபத்து இதில் உண்டு.

செத்த பூச்சியை 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் மேற்பரப்புச் சுத்தம் செய்து ஈரத்தாளில் வையுங்கள். உள்ளிருந்து பூஞ்சாணம் வெளிவந்தால்தான் அந்தச் சாவு அதன் கணக்கு. கட்டுப்பாட்டுக் கூட்டத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் செத்தால் திருத்தச் சூத்திரம் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

மௌனமானதா என்று நிகழ்நேர பிசிஆரில் அளக்கும்போது, பிரைமர் இரட்டை இழைக்காக எடுத்த பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் நீங்கள் ஊட்டிய ஆர்.என்.ஏ-வையே அளப்பீர்கள். மரபணு குறைவதற்குப் பதில் கூடியதாகக் காட்டும். மாணவர்கள் அதற்கு ஒரு விளக்கமும் எழுதிவிடுவார்கள். 24, 48, 72 மணியில் எடுங்கள். தூது ஆர்.என்.ஏ குறைந்தும் பூச்சி நன்றாக இருந்தால் பழைய புரதம் இன்னும் கரையவில்லை என்று பொருளாக இருக்கலாம். ஆயுள் நீண்ட புரதத்தை இலக்காகக் கொண்டால் இப்படி ஆகும்.

இதற்கும் பூச்சி எதிர்ப்பு பெறுமா?

பெறும். ஆய்வகத்தில் ஒன்பது முறை தேர்வு செய்த கொலராடோ வண்டுக் கூட்டம் 11,100 மடங்குக்கு மேல் எதிர்ப்பு பெற்றது 2021-இல் வெளியானது. வேர்ப்புழுவில் பார்த்தபோது, குடல் செல்கள் ஆர்.என்.ஏ-வை உறிஞ்சுவதையே குறைத்துக்கொண்டிருந்தன. அதனால் வேறு மரபணுவுக்கான ஆர்.என்.ஏ-வும் அதனிடம் பலிக்கவில்லை. இலக்கை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையை இது உடைத்தது. குடலைத் தொடாமல் தோல்வழி போகும் பூஞ்சாணத்துக்கு இங்கே சாதகம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தேனீக்கும் மனிதருக்கும் ஆபத்தா?

நாம் உண்ணும் காய், கறி எல்லாவற்றிலும் ஆர்.என்.ஏ உண்டு, வயிறு அதைச் சிதைத்துவிடும். மண்ணில் விழுந்த இரட்டை இழை ஓரிரு நாளில் சிதைகிறது. வேர்ப்புழுவுக்கான ஆர்.என்.ஏ அதற்கு நெருங்கிய வண்டுகளைத் தாண்டி வேலை செய்யவில்லை.

பூஞ்சாணத்தின் கேள்வி வேறு, அதை இலகுவாகத் தள்ள முடியாது. ஆர்.என்.ஏ சிதைந்துபோகும், வித்து பெருகும். காற்றிலும் பூச்சியின் உடலிலும் ஊர் தாண்டிப் போகும். நிணநீரில் மட்டும் இயங்கும் புரோமோட்டர் பாதிப் பாதுகாப்புதான். வித்துக்கு வெயில் ஆகாது என்பதும், குறிப்பிட்ட பூச்சிக் குடும்பத்தை மட்டும் தாக்கும் வகையைத் தேர்ந்தெடுப்பதும் மீதி.

இந்தியாவில் யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களுக்கும் பொருந்தும். ஆய்வக வேலைக்கே உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு வேண்டும். அதற்கு மேல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் மரபணு மாற்ற ஆய்வுக் குழு. வெளியே விடுவதற்குச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மதிப்பீட்டுக் குழு. விற்க வேண்டுமானால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி தனிப் பதிவு. மாறிய வித்துள்ள தட்டை ஆட்டோகிளேவில் அவிக்காமல் குப்பையில் போடுவதும் "வெளியே விடுவது"தான்.

உழவருக்கு இன்றைக்குக் கையில் கிடைப்பது எது?

மரபணு மாற்றாத பூஞ்சாணம். கடையில் யாராவது "ஜீன் மாத்துன பெவேரியா" என்று விற்றால் வாங்காதீர்கள்.

மக்காச்சோளப் படைப்புழுவுக்குப் பெங்களூரு வேளாண் பூச்சி வள மையத்தின் மெட்டாரைசியம் வகையை, லிட்டருக்கு 5 கிராம் வீதம், விதைத்த 15 முதல் 25 நாளில் குருத்துக்குள் படும்படி தெளிக்கப் பரிந்துரை உண்டு. தென்னைக் காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியில் 250 மி.லி. மெட்டாரைசியம் வளர்ப்பை 750 மி.லி. தண்ணீரில் கலந்து ஊற்றுவார்கள். எருக்குழியில் ஈரம், நிழல், நகராத புழு எல்லாம் அமைந்திருப்பதால் பூஞ்சாணம் நன்றாக வேலை செய்யும் இடம் அது.

பொட்டலத்தில் கிராமுக்கு 10 கோடி வித்து இருக்க வேண்டும் என்பது விதி. லிட்டருக்கு 5 கிராம் கலந்தால் ஒரு மி.லி.யில் 5 லட்சம்தான். ஆய்வகத்தில் நல்ல பலன் காட்டிய அளவு பெரும்பாலும் 1 கோடியிலிருந்து 10 கோடி. பழைய பொட்டலத்தில் பாதி வித்து செத்திருந்தால் வயலில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள், கடைக்காரர் வெயிலில் அடுக்கியதை வாங்காதீர்கள். மாலை 4 மணிக்கு மேல், மண் ஈரமாக இருக்கும்போது, பூச்சியின் மேலேயே படும்படி தெளியுங்கள். கார்பெண்டாசிம், மேன்கோசெப், தாமிரக் கலவை போன்ற பூஞ்சாணக்கொல்லி எதையும் அதோடு கலக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பூஞ்சாணக்கொல்லி ஊற்றிய டேங்கைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் இதை ஊற்ற வேண்டும்.